வடக்குச் சுவரில் ஒரு மூச்சு

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு நடந்தது. என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

வடக்குச் சீனாவில், ஹார்பின் நகரத்தின் ஊர்க்கோடியில் எங்கள் ஓட்டு வீடு. கணவர் லாரியோடு தெற்கே போயிருந்தார். நானும் இரண்டு வயது மகன் துன்ஸியும்தான். அன்று பக்கத்து வீட்டு லியன் அண்ணன் தன் கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு சுவர்க்கண்ணாடியைக் கொண்டுவந்து இறக்கினார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிர்.

"தங்கச்சி, கண்ணாடியைச் சுத்தியிருக்கிற போர்வையை இன்னிக்குப் பிரிக்காதே. வீட்டுச் சூடு மெதுவா ஏறட்டும். வெளிச்சுவர்ல மாட்டிடாதே. எந்நேரமும் வேர்த்து வழியும்."

"கண்ணாடிக்கா அண்ணே இவ்வளவு பத்தியம்? என் பிரசவத்துக்கே யாரும் இப்படிச் சொல்லலையே!"

"உன் வாய்க்குத்தான் பூட்டுப் போடணும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது? அவர் தலை மறைந்ததும் பிரித்தேன். வடக்கு வெளிச்சுவரில்தான் ஆணி இருந்தது. அங்கேயே மாட்டினேன்.

உடனே கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது, ஓர் இடத்தைத் தவிர.

சோற்றுக் கிண்ணத்தின் வாய் அளவு வட்டம். வெண்மையாகப் படரும். சுருங்கும். மறுபடி படரும்...

சுவர்க் குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். அடுப்பில் இன்னும் கரி போட்டேன். சூடு வெளியே போகாமல் இருக்கப் புகைப்போக்கியின் தடுப்பை முக்கால்வாசி மூடினேன். ஜன்னல் இடுக்குகளில் ஏற்கெனவே காகிதம் ஒட்டியாயிற்று.

மணி நாலரை. இருட்டிவிட்டது. அடுப்புச் சூடு ஓடும் செங்கல் படுக்கையில் துன்ஸி தூங்கிக்கொண்டிருந்தான். தலைவலியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் நெஞ்சு தாழ்ந்தது. கண்ணாடியில் வட்டம் படர்ந்தது.

நெஞ்சு ஏறியது. வட்டம் சுருங்கியது.

தற்செயல்... என்று மறுபடி பார்த்தேன்.

தற்செயல் இல்லை.

ஹ்ஹா... ஹ்ஹா... சத்தம் சுவரிலிருந்து வந்தது.

துன்ஸியின் நெஞ்சு நின்றது.

வட்டம் நிற்கவில்லை.

பிள்ளையை வாரிக்கொண்டு எழுந்தேன். கீழே சரிந்தேன். தவழ்ந்துதான் கதவை அடைந்தேன். பனியில் விழுந்து கத்தினேன். லியன் அண்ணன் ஓடிவந்து அவன் முதுகில் தட்டினார். துன்ஸி வீறிட்டு அழுதான்.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய் வந்தார். "கரி வாயு! புகைப்போக்கியை எந்தக் கிறுக்கி சாத்துனது? ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்பீங்க!"

கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன்.

"வாயு தலைக்கேறினா என்ன வேணா தெரியும், தங்கச்சி" என்றார். ஆனாலும் அதைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப் போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை மூன்று பேரும் மருத்துவமனைக்கு நடந்தோம். தெருவில் எல்லார் வாயிலும் வெண்புகை. என் கழுத்துத்துணி மூச்சு பட்டு உறைந்து விறைத்துவிட்டது. லியன் அண்ணன் மீசையெல்லாம் பனி. துன்ஸி என் தோளில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான்.

அவன் வாயிலிருந்து புகை வரவில்லை. அவன் முகத்தைச் சுற்றிய துணி காய்ந்தே இருந்தது.

பிள்ளை நன்றாக இருக்கிறான் என்றார் டாக்டர். நான் நேரே கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். நெருப்பே மூட்டாத பின்கட்டில் எல்லாக் கண்ணாடிகளும் தெளிவாக இருந்தன. ஒன்றில் மட்டும் அந்த வட்டம்... படர்ந்தது. சுருங்கியது.

வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இப்போது உள்சுவரில், நாலு ஆணியில் தொங்குகிறது. பின்னால் கம்பளி வைத்திருக்கிறேன். மெல்லிய துணியால் மட்டும் துடைக்கிறேன். "பெத்த புள்ளையைவிட அதைத்தான் நல்லாப் பாத்துக்கிற" என்று கணவர் கேலி செய்கிறார்.

துன்ஸிக்கு இப்போது ஒன்பது வயது. நேற்றுத்தான் பார்த்தேன்... கண்ணாடியின் கீழ்மூலையில் கடுகளவு ரசம் உதிர்ந்திருக்கிறது.

இன்று காலையிலிருந்து அவன் இருமுகிறான்.