கரிமலைக்கு வரப்புக் கட்டினோம்

இங்கே மலாயாவில் மழை பெய்தால் ஒருவரும் வெளியே வந்து வேடிக்கை பார்ப்பதில்லை. நான் மட்டும் நனைந்துகொண்டு நிற்பேன். முதுகுளத்தூர்க்காரிக்கு மழையைக் கண்டால் கால் உள்ளே தங்குமா? பக்கத்து மலாய்க் கிராமத்து அம்மாள் மாக் யா என்னைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு தூறலுக்கு வருஷமெல்லாம் வானம் பார்த்த ஜனம் நாங்கள் என்று அவருக்கு எப்படிச் சொல்ல?

ஜப்பான்காரன் வந்ததும் தங்காக் ஊர்ப் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றது, அரிசியும் நின்றது. என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துப் போனார்கள். எங்கள் கூலி வீட்டு வரிசையான லயத்தின் முன்னால் லாரியில் ஏறும்போது, "லயத்த விட்டு எங்கயும் போயிராத. வந்தா இங்கதான் வருவேன்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தேன்.

மரவள்ளி நட லயத்துக்கு மேலே காட்டைக் கொளுத்தினோம். வெயில் காலம். பாழாய்ப்போன தீ எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. மலைச்சரிவு முழுக்கக் கரியாயிற்று. மேகம் கறுத்ததும் எங்கள் ஊர்க் கருப்பையா அண்ணன் மண்வெட்டியோடு கிளம்பினார். சரிவின் குறுக்கே வரப்பு! சொட்டுத் தண்ணீர் வீணாகக் கூடாதாம். நாங்களும் முந்தானையைச் செருகிக்கொண்டு மண் சுமந்தோம். மாக் யா ஓடிவந்து, "ஜாங்ஙான் தாஹான் ஆயர்!" என்று கத்தினார். தண்ணீரைத் தடுக்காதே, வேர் வெந்த மண் தாங்காது என்கிறார்.

"தண்ணியில பொறந்தவங்களுக்கு அதோட அருமை தெரியுமாம்மா?" என்றார் அண்ணன். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மழை விடாமல் பிடித்த ஒரு மத்தியானம் வரப்புக்கு மேலே நீர் தேங்கியது. "பாத்தியா, நம்ம கண்மாய்!" என்று அண்ணன் பூரித்தார். கொஞ்ச நேரத்தில் வரப்பு விரிசல் விட்டது. லயமே அலறி ஓடியது. நான் மட்டும் வீட்டுத் தூணைக் கட்டிக்கொண்டேன். மாக் யா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "அவரு வந்தா எங்க தேடுவாரு? விடுங்க!" என்று கத்தினேன். மாக் யா மலாயில் திட்டினார், கையை விடவில்லை. இழுத்துக்கொண்டே மேட்டில் ஏற்றினார். திரும்பிப் பார்த்தால், கரிக்கட்டைகளோடு மலை சரிந்து லயத்தை மூடியிருந்தது. ஆட்கள் பிழைத்தோம். நான் மாக் யா வீட்டில் ஒண்டிக்கொண்டேன்.

இப்போது ஜப்பான்காரன் போய்விட்டான். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் விடுகிறார்களாம். "வாம்மா, ஊருக்குப் போயிருவோம்" என்கிறார் அண்ணன். அம்மா முகத்தைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் சயாமிலிருந்து ஒருவர் இருவராய்த் திரும்பி வருகிறார்களே! லயம் புதைந்த இடத்தில் லாலான் புல் முளைத்துவிட்டது. அதை வெட்டி, சுவரும் கூரையும் இல்லாமல் ஒரு கதவுநிலை மட்டும் நட்டு வைத்திருக்கிறேன். ஊருக்குக் கட்டிய மூட்டை மாக் யா வீட்டில் கிடக்கிறது; சாயங்காலமானால் நான் அந்த நிலையடியில் விளக்கேற்றுகிறேன்.