இன்ஜினியருக்கு நான் போட்ட டீ

எங்க வார்ட பொம்பளைங்களுக்கு ஒதுக்கனாங்க. என் வூட்டுக்காரி நின்னா. ஜெயிச்சுட்டா.

நான் ஹார்பர்ல லோடு எறக்குற ஆளு. மறுநாளே என்னையும் "கவுன்சிலரே"ன்னு கூப்ட்டாங்க.

"நான் இல்லபா. அது உள்ள மீன் கழுவினு கீது"ன்னேன்.

எங்க தெரு குழாயில சாக்கட கலந்து ரெண்டு மாசம். பசங்களுக்கு ஓயாம வயித்தால போச்சு. குடிக்க கேன் தண்ணிதான். அவ மூணு தடவ மனு குடுத்தா. தண்ணி நல்லாதான் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாரு தண்ணி ஆபீஸ் இன்ஜினியரு.

"அப்ப எங்க வூட்ல வந்து ஒரு டீ குடிங்க சார்"னு கூப்ட்டா. வரேன்னாரு.

என் காதுல சொன்னா: "யோவ், குழா தண்ணில போடு. ஒரு வாய் குடிக்கட்டும். நாளைக்கே பள்ளம் தோண்டுவாங்க."

வந்தாரு. தெருவே எங்க வாசல்ல நின்னுச்சு. ஒரு வாய் குடிச்சாரு. இன்னொரு வாய் குடிச்சாரு.

"பிரமாதம்! இந்தத் தண்ணியவா கொற சொல்றீங்க?"

அவ என்னப் பாத்தா. நான் செவுத்தப் பாத்தேன்.

கேன் தண்ணிதான் ஊத்தியிருந்தேன். வூடு தேடி வந்தவருக்கு அந்தக் குழா தண்ணியக் குடுக்க கை வரல. எதிர்வூட்டு அக்கா வேற இஞ்சி தட்டிக் குடுத்துச்சு.

அக்காவுக்கு சிரிப்பு பொத்துக்கினு வந்துச்சு. தெருவுக்கே தொத்திக்கிச்சு. இன்ஜினியருக்கு ஒன்னும் புரியல.

அவ மட்டும் சிரிக்கல. "வேர்த்து ஊத்துது சார். மூஞ்சி கழுவிக்கோங்க"ன்னு தெருக்குழாயத் தொறந்து வுட்டா.

ரெண்டு கையிலயும் வாரி அடிச்சாரு.

"ஐயோ! ஐயோ! இன்னாம்மா இது!"

"நீங்க நல்லா கீதுன்ன தண்ணி சார்."

கண்ண மூடினு துண்டுக்கு கைய நீட்டினாரு. அக்கா கேன தூக்கினு ஓடியாந்து அவர் தலையில கவுத்துச்சு. கீழ குனிஞ்சவரு நிமிரும்போது அவருக்கே சிரிப்பு.

"அப்ப அந்த டீ?"

"அது இவரு பண்ண தர்மம் சார்"னா அவ.

மூணாம் நாள் பள்ளம் தோண்டுனாங்க. ஒடஞ்ச பைப்பு சாக்கடைக்குள்ளயே படுத்துகினு கெடந்துச்சு. மாத்துனாங்க. தண்ணி கண்ணாடி மாரி வந்துச்சு.

வேற எடத்துல கவுன்சிலருக்கு மால போடுவாங்க. எங்க தெருவுல மொத கொடத்த அவ தலையில ஊத்துனாங்க. ரெண்டாவது எனக்கு. அப்புறம் யாரு யாருக்கு ஊத்துனாங்கன்னே தெரியல.

நடுவுல பக்கத்து தெரு ஆளு ஒருத்தரு ஒரு பேப்பர நனையாம தலைக்கு மேல தூக்கிப் புடிச்சினு வந்தாரு.

"கவுன்சிலரம்மா, எங்க தெருவுல லைட்டு..."

அவ ஈரக் கைய என் லுங்கில தொடச்சினு வாங்கிக்கினா.