ரெஜினா அக்காவின் வியாழக்கிழமைக்கு எத்தனை நட்சத்திரம்?

சினிமா விமர்சனம் எழுதுவது, அடுத்தவர் வீட்டுக் கலியாணத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வாசலில் நின்று உப்புக் குறைவு என்று சொல்லும் வேலை. லண்டனில் பதினொரு வருடமாக அதைச் செய்துவருகிறேன். பகலில் நோர்பரியில் ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பேன். வார இறுதியில் புதுப்படம் பார்த்து, தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும் ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதுவேன். நீங்களும் பின்னணி இசையில் காது அடைத்துப்போய், கார் பார்க்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "இதுக்கோ வந்தனாங்கள்?" என்று கேட்டவர்கள்தானே. அதனால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்லலாம்.

உண்மையில் ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமை மதியம் மட்டும் தனக்கென்று உள்ளவர். அதையும் என் நட்சத்திரங்களை நம்பிச் செலவழிக்கிறவர். அவரிடம் போய்ச் சேருவதற்கு முன், நான் எப்படிப்பட்ட விமர்சகன் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும்.

எண்ணூறு சொற்கள்

ஆரம்பத்தில் நான் நட்சத்திரம் போடுவதில்லை. ஒளிப்பதிவு, வசனம், படத்தொகுப்பு என்று பத்தி பத்தியாக எழுதுவேன். ஒரு படத்தின் வண்ணத்தைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதிவிட்டு, நாலு பேர் பாராட்டுவார்கள் என்று கடையில் காத்திருந்தேன். மருந்து வாங்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "போகலாமோ, வேண்டாமோ?"

எங்கள் ஆசிரியர் யோகண்ணையிடம் மனக்குறையைச் சொன்னேன். அவர்தான் பத்திரிகையின் ஆசிரியர், பக்கம் அமைப்பவர், தன் வான் வண்டியில் பத்திரிகைக் கட்டுக்களை ஏற்றிக் கடை கடையாக இறக்குபவர், எல்லாம். மறுநாளே என் கட்டுரையின் வலது மூலையில் ஐந்து நட்சத்திரங்களுக்கு இடம் விட்டிருந்தார். "தம்பி, நீர் எண்ணூறு சொல் எழுதும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் சனம் வாசிக்கப்போறது இந்த மூலையைத்தான்."

ஒறுத்தல்

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் தேநீர் தருவார்கள். அங்கேதான் எனக்கு வாராந்த விசாரணை. குடும்பத்தோடு பார்க்கலாம் என்று நான் எழுதிய படத்தில் ஒரு கழுத்து அறுபட்டது, வயதானவர்களுக்கு ஏற்றது என்று எழுதிய படத்தில் வயதானவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள் என்று ஆளுக்கு ஒரு வழக்கோடு வருவார்கள். நானும் வடையைக் கடித்துக்கொண்டே தலையாட்டுவேன். ஏசுகிறவர்களும் வாசித்துவிட்டுத்தானே ஏசுகிறார்கள் என்ற சந்தோசம் எனக்கு.

ஒரு தவக்காலத்தில், ஆசைகளை விட்டு உடலை வருத்தி ஒறுத்தல் செய்யும் அந்த நாற்பது நாளில், எங்கள் பங்குச் சுவாமியும் ஒரு படத்துக்குப் போய்விட்டார். கதாநாயகன் தங்கையின் கலியாணத்துக்காக இருபது பேரை அடித்து, அழுது, மறுபடி அடிக்கும் படம். தங்கையாக நடித்த பெண்ணின் நடிப்புக்காக மூன்று போட்டிருந்தேன். சுவாமி தேநீர்க் கோப்பையோடு நேராக என்னிடம் வந்தார். "இந்த முறை என்ன ஒறுத்தல் செய்யலாமெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். நீர் மூண்டு நட்சத்திரம் போட்டு வழி காட்டினீர், நன்றி."

காணாமல் போன வில்லன்

இது என் பிழை. ஒரு பழிவாங்கும் படம். கடைசியில் கதாநாயகன் அரிவாளோடு ஒரு களஞ்சிய அறைக்குள் போகிறான். அடுத்த காட்சியில் கடற்கரையில் குழந்தையோடு சிரிக்கிறான். வில்லன் என்ன ஆனான் என்று யாரும் சொல்லவில்லை. "வில்லனை எங்கே வைத்தோம் என்பதையே இயக்குநர் மறந்துவிட்டார், அவ்வளவு அலட்சியம்" என்று எழுதி இரண்டு நட்சத்திரத்தோடு நிறுத்திவிட்டேன். எழுதி முடித்தபோது என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துக் கிங்ஸ்பரியிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். மதுரைக்காரர். விடுமுறையில் ஊருக்குப் போனபோது அதே படத்தை அங்கே பார்த்திருக்கிறார். அங்கே அந்தக் களஞ்சிய அறைக்குள் முழுசாக ஏழு நிமிடச் சண்டை இருக்கிறதாம். வில்லன் பேசும் கடைசி வசனத்தில்தான் படத்தின் கதையே இருக்கிறதாம். இங்கே வயது வரம்பைக் குறைத்து, சின்னப் பிள்ளைகளையும் உள்ளே விடுவதற்காக, இரத்தம் தெறிக்கும் இடங்களை வெட்டிவிட்டு ஓட்டுவதுண்டு. லண்டனில் இத்தனை வருடம் படம் பார்க்கிற எனக்கு அது தெரியும். ஆனாலும் அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

வெட்கத்தால் எனக்குக் காது சுட்டது. அடுத்த இதழில் திருத்தம் போட்டு, இயக்குநரிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் அதை வாசித்திருக்கப் போவதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு படமும் அங்கே எத்தனை நிமிடம், இங்கே எத்தனை நிமிடம் என்று பார்த்துவிட்டுத்தான் பேனையைத் தொடுவேன். அந்த டாக்டருக்கு நான் கடமைப்பட்டவன். ஏசவே இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "விடுங்க சார், எங்க தொழில்லயும் இதான். முழு ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி வாயைத் திறந்தா அசிங்கமாயிடும்."

மூன்றரை

ரெஜினா அக்கா மன்னார்க்காரர். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. "எழுதுங்கோ, ஆனால் வடிவான பேராய்ப் போடுங்கோ" என்று அவரே சொன்னதால் போட்டேன். கணவருக்குப் பாரிசவாதம் வந்து நாலு வருடம். வலது பக்கம் இயங்காது, பேச்சும் வராது. கவுன்சில் அனுப்பும் பராமரிப்பாளர் வியாழன்தோறும் பன்னிரண்டு மணி முதல் ஐந்து மணி வரை வந்து அவரோடு இருப்பார். அந்த வியாழன்களில் மூன்று, சாமான் வாங்கவும், படிவம் நிரப்பவும், அக்காவின் சொந்த முழங்கால் வலியைக் காட்டவும் போய்விடும். மிஞ்சும் ஒன்றில் படம் பார்ப்பார்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. கணவரின் மருந்தை வாங்கிக்கொண்டு போகிற ஒரு அக்கா, அவ்வளவுதான். அந்த மாதம் ஒரு பெரிய கதாநாயகனின் தாதா படத்துக்கு மூன்றரை போட்டிருந்தேன். ஈஸ்ட் ஹாம் பக்கத்தில் முதல்நாள் காட்சி பார்த்தது. விசிலும், கிழித்தெறிந்த காகிதத் துண்டுகளும், எழும்பி நின்று ஆடுகிற கூட்டமும். அதில் பாதி நட்சத்திரம் கூட்டத்துக்கு விழுந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். மூன்று மணிநேரம் ஓடி, கதை முடியாமலே "மீதி இரண்டாம் பாகத்தில்" என்று போட்டுவிடுகிற இந்தக் காலத்து வியாதியும் அந்தப் படத்துக்கு இருந்தது. அதைக் கடைசிப் பத்தியில் ஒரு வரியில் தட்டிவிட்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மருந்துப் பையைக் கொடுத்தபோது அக்கா பையை வாங்காமல் நின்றார். அந்தப் பத்திரிகையில் எழுதுவது நான்தானோ என்று கேட்டார். ஓம் என்றேன். கோபமே இல்லாத குரலில் தன் வியாழக்கிழமைகளின் கணக்கை எனக்குச் சொல்லி முடித்தார். "பாதியில எழும்பி வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிருக்கலாம் தம்பி. நீங்கள் மூண்டரை போட்டிருக்கிறியள், இனித்தான் நல்லா வருமாக்கும் எண்டு கடைசி மட்டும் இருந்திட்டன்."

ஆளில்லாத காட்சி

அன்று இரண்டு பேருக்கு மருந்து மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன். நல்ல காலம், கொடுக்கவில்லை. ஒருவருடைய ஒரு மாதத்தை நான் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம் மனதை விட்டுப் போகவே இல்லை.

யோகண்ணையிடம் போய் அக்காவின் கதையைச் சொல்லி, இனி முதல்நாள் கூட்டத்தோடு பார்த்து எழுதமாட்டேன், மத்தியானக் காட்சியில் ஆளில்லாத அரங்கில் ஒருமுறை பார்த்த பிறகுதான் நட்சத்திரம் என்றேன். விமர்சனம் ஒரு கிழமை பிந்தும், படமே ஓடி முடிந்துவிடும் என்று சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிந்தினால் பிந்தட்டும். இத்தினை வருசத்தில எங்கட பேப்பரை நம்பி ஒரு ஆள் பஸ் ஏறியிருக்குது எண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை காலை

அக்காவின் அடுத்த வியாழனுக்கு முந்திய வாரம் ஒரு சின்னப் படம் வந்தது. பெரிய நடிகர் இல்லை. ஒரு தபால்காரர் ஓய்வு பெறுகிற கடைசி நாளில் நடக்கும் கூத்துக்கள், இரண்டு மணிநேரத்துக்குள் முடிகிறது, நிச்சயமாக முடிகிறது. அரங்கில் நானும் இன்னும் ஒருவரும்தான். அவர் நித்திரை. நான் தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். நாலு போட்டேன். போட்ட பிறகு பயம் பிடித்தது. இதுவும் அவருக்குப் பிடிக்காமல் போனால் இன்னொரு மாதம் போய்விடுமே. வியாழன் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன்.

வெள்ளி காலை அக்கா வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். வீட்டுக்குப் போனதும் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தபால்காரர் மாதிரி நடந்து காட்டி, மேலதிகாரி மாதிரிக் கத்தி, முழுப் படத்தையும் அவருக்குச் சொன்னாராம். பராமரிப்பாளர் பெண் தமிழ் தெரியாமலே நின்று பார்த்துவிட்டுத்தான் போனாளாம். எனக்குக் கண் கலங்கியது, மருந்துப் பெட்டியில் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். பதினொரு வருடத்தில் நான் எழுதியதற்கு இதைவிடப் பெரிய நன்றி எனக்குக் கிடைத்ததில்லை. "படத்துக்கு நான் மூண்டுதான் குடுப்பன் தம்பி, நீங்கள் ஒண்டு கூடப் போட்டிட்டியள். ஆனால் நான் சொன்ன கதைக்கு அவர் இடக்கையைத் தூக்கி அஞ்சு விரலையும் காட்டினவர்."

படத்தையே பார்க்காமல் ஐந்து நட்சத்திரம் கொடுத்த அந்த மனிதருடைய தீர்ப்புக்குத்தான் இதுவரை ஒருவரும் குறை சொல்லவில்லை, நான் இன்னும் மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.