சேற்றுக்கு அப்பால் நின்ற ரோந்துக் கப்பல்

தந்தையின் அஸ்தியைக் கரைத்துவிட்டுத் திரும்பும்போது கோலா சிலாங்கூர் ஆற்றுவாயில் எங்கள் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. படகில் மூவர் இருந்தோம்: கொள்ளி வைத்த என் அண்ணன், நான், படகோட்டி. அப்போது காலை பதினொரு மணி. நீர் மீண்டும் ஏறிப் படகைத் தூக்குவதற்குப் பிற்பகல் நான்காகிவிடும் என்றார் படகோட்டி. அந்த நேரத்தின் பெரும்பகுதி, கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பல் ஒன்று எங்கள் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. அக்கப்பலைக் குறை கூறுவதற்காக நான் இதை எழுதவில்லை. அதில் இருந்தவர்கள் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்தார்கள்.

நேரத்தைக் குறித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

படகோட்டி ஒரு சீனர். அவருடைய தந்தை நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர் ஆதலால், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்து எங்களைப் போலவே தமிழ் பேசுவார். முதல் நாள் மாலை தொலைபேசியில் அவர் தெளிவாகத்தான் சொன்னார்.

“சார், எட்டு மணிக்கே வந்திருங்க லா. தண்ணி அப்ப நல்லா நெறஞ்சு கெடக்கும். அதுக்கப்புறம் வத்த ஆரம்பிச்சா ஆத்து வாய்க்கிட்ட கஷ்டம்.”

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரை முதல் ஒன்பது வரை இராகுகாலம். சடங்கு நடத்த வந்த பண்டாரமே, “இதுக்கெல்லாம் அவ்வளவா பாக்கிறதில்லைங்க சார், தண்ணிய பாத்து செஞ்சிடலாம்” என்றார். நான் இணங்கவில்லை. எதையும் முறைப்படி செய்கிறவன் என்று முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் எனக்கொரு பெயர் உண்டு; அன்றைக்கு அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணனோ, “தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும், விடுங்க” என்று பேச்சை முடித்துவிட்டார். பிள்ளைப் பருவத்திலிருந்தே என் படிப்பின் மீது அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு அவர் வேலைக்குப் போனதால்தான் நான் படித்தேன்.

படித்துறைச் சடங்கு முடிந்து புறப்படும்போது மணி ஒன்பதே முக்கால். அண்ணியும் மற்றப் பெண்களும் கரையில் இருந்துவிட்டார்கள். குளித்துவிட்டு வந்ததும் உண்பதற்கான இட்டலிப் பொட்டலங்கள் காரில் இருந்தன; காரியம் முடியும்வரை கொள்ளி வைத்தவர் எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஆற்று நீர் கடலில் கலந்து நிறம் மாறிய நீர்ப்பரப்பில் படகை நிறுத்தி, கலயத்தை அண்ணன் நீரில் இறக்கினார். நான் பாலை ஊற்றினேன். பூவையும் பழத்தையும் கற்கண்டையும் வெல்லத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். தட்டில் ஒட்டியிருந்த கற்கண்டுத் துணுக்குகளைக்கூட விரலால் வழித்துக் கடலில் உதறினேன். ஒன்றும் எஞ்சக் கூடாது என்பது முறை.

திரும்பும் வழியில் விசைப்பொறியின் ஒலி முதலில் கனத்தது; பிறகு படகின் அடியில் மெத்தையில் உராய்வது போன்றதோர் ஓசை. படகோட்டி பொறியைத் தூக்கினார். அது கக்கியது நீரன்று, சேறு. துடுப்பை ஊன்றித் தள்ளினார். துடுப்பு உள்ளே போயிற்றே தவிரப் படகு நகரவில்லை. பக்கவாட்டில் இறங்கிப் பார்த்தவர் தொடைவரை புதைந்து, படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஏறினார்.

“உக்காந்துக்குங்க. இனிமே ஒன்னும் செய்ய முடியாது. தண்ணி வந்தாதான்.”

அரைமணி நேரத்தில் எங்களைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தொலைவு பழுப்புச் சேறு பளபளத்தது. நாரைகள் எங்களைப் பொருட்படுத்தாமல் நடந்துகொண்டிருந்தன. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெயிலால் வந்த வியர்வை என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு அவர் காரணமின்றிக் கோபப்பட்டார்.

“எட்டு மணிக்கு வந்திருந்தா இந்நேரம் வீட்ல இருப்போம்ல? வாத்தியாரு கணக்கு. எல்லாத்துக்கும் ஒரு கணக்கு உனக்கு.”

அவர் என்னிடம் இவ்வாறு பேசியதே இல்லை. அவருடைய கை நடுங்குவதைக் கண்டேன். அண்ணியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அண்ணி, அண்ணன் இன்னைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கிட்டாரா?”

“போட்டுக்கிட்டாரே. வழக்கம் போல ஆறு மணிக்கு. ஏன் கேக்குறீங்க?” வியர்வையையும் நடுக்கத்தையும் சொன்னேன். “ஐயோ, சாப்பிடலையே தம்பி அவரு. பழக்கத்துல போட்டுட்டாரு. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். ஏதாச்சும் இனிப்பா குடுங்க. சீக்கிரம் குடுங்க.”

இனிப்பானவை அனைத்தையும் சற்று முன்புதான் என் கையால் கடலுக்குக் கொடுத்திருந்தேன். படகோட்டியிடம் ஒரு குடுவை காப்பி இருந்தது. அதன் மூடியைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“சீனி இல்ல சார். எனக்கும் அதே வியாதிதான்.”

அவசர எண்ணுக்கு நான் சொன்ன செய்தி எத்தனை கை மாறிற்றோ அறியேன். பன்னிரண்டே கால் மணிக்கு வடமேற்கே சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் தோன்றியது. அது வரும் வேகத்தைக் கண்டு நான் எழுந்து நின்றேன். முன்முனை நீரைப் பிளந்து இருபுறமும் வெண்மையாய் எறிந்தது. “வந்துட்டாங்கண்ணே” என்றேன். அண்ணன் தலையை அசைத்தார். அதுவே அவர் எனக்குத் தெளிவாகக் காட்டிய கடைசி மறுமொழி.

எங்களுக்கு முக்கால் மைல் தொலைவில் கப்பல் வேகம் குறைந்து, பிறகு நின்றது. ஏன் நிற்கிறது என்று கேட்டேன்.

“அதுக்கு மேல வந்தா அதுவும் நம்மள மாதிரி உக்காந்துரும் சார். பெரிய கப்பலு, அடி ஆழம்.”

ஆழத்தை அளக்கும் கருவி அதில் இருந்தது. அதனால்தான் சரியாக அந்த இடத்தில் நின்றது. அதன் பிறகு நான் செய்யக்கூடியது பார்ப்பது ஒன்றே. அண்ணனின் தலையை மடியில் வைத்துத் துண்டால் வெயிலை மறைத்தபடி அக்கப்பலைப் பார்த்தேன். முன்தளத்தில் பீரங்கி ஒன்று கித்தான் உறைக்குள் இருந்தது. மேலே ரேடார் ஓய்வின்றிச் சுற்றியது. இருட்டில் நெடுந்தொலைவு பாயும் என்று படகோட்டி சொன்ன தேடொளி விளக்கு, நண்பகல் வெயிலில் குருட்டுக் கண்ணாடியாய் மின்னியது. கப்பலின் பக்கவாட்டில் மிதவை வளையங்கள், ஏணிகள், தீயணைப்புக் குழாய்கள். ஆரஞ்சு நிற அங்கி அணிந்த மனிதர்கள் அவற்றுக்கிடையே விரைந்தார்கள். ஒருவர் தொலைநோக்கி வழியாக எங்களையே பார்த்தபடி நின்றார். என் முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

பின்தளத்திலிருந்து காற்றடைத்த ரப்பர் படகொன்றைப் பாரந்தூக்கியால் இறக்கினார்கள். நால்வர் அதில் ஏறி எங்களை நோக்கி வந்தார்கள். பாதித் தொலைவுக்கும் மேல் வந்தபின் அதன் விசைப்பொறியும் எங்களுடையதைப் போலவே கனத்து, சேற்றைக் கக்கி அடங்கியது. ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். நான்கு எட்டு வைத்திருப்பார், இடுப்பளவு புதைந்துவிட்டார். மற்ற மூவரும் கயிற்றை இழுத்து அவரை மீட்கவே வெகுநேரம் ஆயிற்று. படகில் விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, எங்கள் பக்கம் கையை உயர்த்தி, பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாதவர் போலத் தாழ்த்திக்கொண்டார்.

கப்பலின் ஒலிபெருக்கி மலாயில் பேசியது. ஹெலிகாப்டர் கேட்டிருக்கிறோம், அது வேறொரு தேடலுக்குத் தெற்கே போயிருக்கிறது, வந்து சேர நேரமாகும், பொறுத்திருங்கள் என்றது. “சாபார், பாச்சே, சாபார்” என்று, ‘பொறுமை, ஐயா, பொறுமை’ என இருமுறை சொன்னது. அந்தக் குரலில் அதிகாரம் இல்லை. பொறுமையை எங்களிடம் கேட்டவருக்கும் அதைத் தவிர வேறு எதுவும் கைவசம் இல்லை.

அண்ணன் அதற்குள் பேச்சை விட்டிருந்தார். கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை. உடல் இருமுறை விறைத்து உதறியது. படகோட்டி அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டு, “டேய், பெரியவனே, முழிச்சுக்கடா” என்று, தோட்டத்தில் பந்து விளையாடிய நாளில் அழைத்ததுபோல் அழைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மணிக்கு மேல் ரப்பர் படகில் இருந்தவர்கள் துப்பாக்கி போன்ற ஒன்றை எடுத்தார்கள். கயிறு எறிவதற்கான கருவி அது. முதல் முறை கயிறு காற்றில் வளைந்து எங்களுக்கு வெகுதூரம் இடப்புறம் விழுந்தது. இரண்டாம் முறை மெல்லிய கயிறு எங்கள் தலைக்கு மேலே சென்று படகின் குறுக்கே விழுந்தது. நானும் படகோட்டியும் அதை இழுத்தோம். அதன் மறுநுனியில் கட்டியிருந்த நெகிழிப் பை சேற்றின்மீது துள்ளித் துள்ளி வந்தது. பையில் குளுக்கோஸ் பொடி ஒரு டின்னும் இனிப்புப் பானம் இரண்டும் இருந்தன.

அவரால் விழுங்க முடியவில்லை. நான் பானத்தைத் திறந்து வாயருகே கொண்டு போகையில் ஒலிபெருக்கி உரக்கத் தடுத்தது: வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழலில் இறங்கிவிடும், ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பொடியைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்துக்கொண்டே இருங்கள். அதைச் செய்தேன். விரலைப் பொடியில் தோய்த்து ஈறில் தேய்ப்பேன், மீண்டும் தோய்ப்பேன். என் கையில் சேறும் இருந்தது, பொடியும் இருந்தது. அவருடைய பற்கள் என் விரலை இறுகக் கடித்தன. கடிப்பதால் உயிர் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். எத்தனை நேரம் அவ்வாறு தேய்த்தேன் என்பதைப் பின்னர் மருத்துவர் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டு மணிக்கு மேல் நீர் திரும்பியது. முதலில் விரல் அகல ஓடைகளாகச் சேற்றில் நெளிந்து வந்தது. அதன் வேகத்தை என்னால் கூட்ட முடியாது, கப்பலாலும் முடியாது. மூன்றரைக்கு ரப்பர் படகு மிதந்தது. எங்கள் படகை அது தொட்ட பிறகு எல்லாம் மின்னலாக நடந்தன. அண்ணனைக் கித்தான் படுக்கையில் கட்டி எடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள், என்னையும் ஏற்றினார்கள். தளத்திலேயே மருத்துவ உதவியாளர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். கப்பல் ஆழமான துறைமுகத்தை நோக்கித் திரும்பி வேகமெடுத்தது. காலையில் நாங்கள் நெடுநேரம் எடுத்துக் கடந்த நீர்ப்பரப்பு சில நிமிடங்களில் பின்னால் ஓடி மறைந்தது. அத்தனை வேகமும் அதனிடம் அந்த மூன்று மணி நேரமும் இருந்தது.

அண்ணன் உயிர் பிழைத்தார். ஹெலிகாப்டர் நாங்கள் கரை சேர்ந்த பிறகே வந்ததாக அறிந்தேன். மூளை வெகுநேரம் சர்க்கரையின்றி இருந்துவிட்டது, சில திரும்பும், சில திரும்பாமலும் போகலாம், காத்திருங்கள் என்றார் மருத்துவர். இன்று அவர் நடக்கிறார், உண்கிறார், சட்டையைத் தாமே அணிகிறார். ரவாங்கில் தாம் இருபது ஆண்டு மேற்பார்வையாளராக இருந்த தொழிற்சாலைக்கு எந்தச் சாலை போகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. வேறு சிலவும் தெரியாது.

நான்காம் நாள் கப்பலிலிருந்து ஓர் அதிகாரி அறிக்கைக்காக மருத்துவமனைக்கு வந்தார். முப்பது வயதுக்கு மேல் இராது. தொலைநோக்கியோடு நின்றவர் தாம்தான் என்று தயங்கியபடி சொன்னார். அழைப்பு வந்த நேரம், கப்பல் சேர்ந்த நேரம், ரப்பர் படகு சிக்கிய நேரம், நீர் ஏறிய நேரம் என ஒவ்வொன்றையும் படித்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தன. கரையை விட்டுப் புறப்பட்ட நேரத்தை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். நீர் வற்றும் நேரத்தில் புறப்பட்டதற்குக் காரணம் என்ன, படகோட்டி எச்சரிக்கவில்லையா என்றார்.

“அவர் எச்சரித்தார். நேரத்தை முடிவு செய்தவன் நான். சமயச் சடங்கு” என்று மலாயில் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதினார். பேனாவை மூடிவிட்டு, தம் தாய்க்கும் இதே நோய் உண்டு என்றார்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அவர் முகத்தில் தோன்றும் அதே மலர்ச்சி. நாற்காலியைச் சுட்டி, “டூடோக், என்சே. சூடா மக்கான்?” என்று, அறிமுகமில்லாதவரை ஐயா என்பதுபோல் ‘என்சே’ என விளித்து அதிகாரியை உட்காரச் சொல்லி, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தார். அதிகாரி எழுந்து நின்று, சாப்பிட்டேன், நன்றி என்று பணிவோடு விடையளித்தார்.

பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார். என்னிடமும் மலாயிலேயே கேட்டார்.

“என்சே, சூடா மக்கான்?”

சாப்பிட்டுவிட்டேன் என்று நானும் மலாயிலேயே சொன்னேன்.