பின்பக்கத்துப் பாட்டு

பந்தியில் பாதிச் சோற்றில் எழுந்து ஓடியவள் என்று கறம்பக்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைச் சொல்லிக்காட்டுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு நான் எழுந்திருக்காவிட்டால் ஆயுசுக்கும் என்னை நானே திட்டிக்கொண்டிருப்பேன்.

காதுகுத்து விருந்து அது. கரண்ட் போய்த் திரும்பி வந்ததும், தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க மைக் செட்காரர் ஒரு ரெக்கார்டைப் போட்டார். கிட்டார் கரகரவென்று அலறியது, பின்னாலேயே டிரம்ஸ் தடதடவென்று வந்தது, ஒரு பையன் தொண்டை கிழியக் கத்தினான். சோறு பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அது பிழைப்பு. என் பைத்தியம் வேறு. கராஜ் ராக் என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. கார் நிறுத்தும் கொட்டகையில் நாலு பையன்கள் கூடி, கிட்டாரையும் டிரம்ஸையும் போட்டு அடி அடியென்று அடித்து, அக்கம்பக்கத்தில் வசவு வாங்கிய முரட்டுப் பாட்டு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பாட்டுள்ள சின்ன ரெக்கார்டுகளாக அவை வந்தன. அவற்றைத்தான் சேர்க்கிறேன். அந்தக் காலத்து மதராஸ் கல்லூரிப் பையன்கள் சிலர் அப்படி ஒரே ஒரு ரெக்கார்டு போட்டுவிட்டுக் கலைந்துபோனார்கள். அவர்கள் பெயரைச் சொன்னால் அவர்கள் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. எங்களைப் போன்ற கிறுக்குகளுக்கோ அவர்கள் சாமி மாதிரி. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒருவரிடம் அந்த ரெக்கார்டு இருந்தது. அதில் முன்பக்கம் மட்டும்தான் ஓடும், அதைப் பதிந்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்; பின்பக்கம் கீறல் விழுந்து பாழ். பின்பக்கத்துப் பாட்டுதான் உசத்தி என்று எல்லாரும் அடித்துப் பேசுவோம், கேட்டவர் ஒருத்தரும் கிடையாது. அதை நான் கேட்டுவிட வேண்டும். வருஷக்கணக்காக இந்த ஒரே ஆசைதான்.

அந்த ரெக்கார்டுதான் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. எச்சில் கையோடு ஓடிப்போய் நின்றேன். திருமயம் பக்கம் ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தபோது மொத்தமாக வாங்கிய பெட்டியில் வந்தது என்றார் மைக் செட்காரர். அறுபது வயதுக்காரர், நிதானமான மனுஷன். பாட்டு முடிந்ததும் எடுத்துக் காட்டினார். முன்பக்கம் தேய்ந்து வெளுத்திருந்தது. திருப்பச் சொன்னேன். பின்பக்கம் கருகருவென்று மின்னியது.

"அந்தப் பக்கம் போட்டதே இல்லீங்க தங்கச்சி. டெஸ்டிங்குக்கு ஒரு பக்கம் போதாதுங்களா?" என்றார்.

விலை கேட்டேன். மசியவே இல்லை. இந்தப் பாட்டில் அடித்தொண்டைச் சத்தமும் இருக்கிறது, கீச்சுச் சத்தமும் இருக்கிறது, குழாயில் என்ன கோளாறு என்றாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். அந்த வட்டாரத்துக்கே அந்தப் பாட்டு தெரியுமாம். அது கேட்டால் விசேஷ வீட்டில் செட் கட்டியாயிற்று என்று அர்த்தம். சென்னையில் நாலு பேருக்குத் தெரியாத பையன்கள், இங்கே ஆடு மேய்க்கிறவருக்குக்கூட மனப்பாடம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இதே வேலையைச் செய்கிற வேறு ரெக்கார்டு கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம். நான் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டேன் என்று நினைத்துப் பதறிய விருந்துக்காரர்களை அதற்குள் என் வீட்டுக்காரர்தான் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் மைக் செட்காரர் ஊருக்கு வண்டியில் போனோம். பையில் மூன்று ரெக்கார்டுகள். அவர் தன் வீட்டு வாசலில் குழாயைக் கட்டிவிட்டு, தூரத்தில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்கக் கண்மாய்க் கரைக்கு நடந்துபோய் நின்றுகொண்டார். திருப்தி என்றால் துண்டை வீசுவேன் என்று சொல்லியிருந்தார். முதல் ரெக்கார்டை வீட்டுக்காரர் போட்டார். துண்டு தோளிலேயே கிடந்தது. இரண்டாவதற்கும் அப்படித்தான். மூன்றாவது, நான் முதன்முதலில் வாங்கியது, என் உயிர். பையை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"ஒனக்கு அந்தப் பாட்டைக் கேக்கணுமா, வேண்டாமா?" என்றார் வீட்டுக்காரர்.

கேட்க வேண்டும். எடுத்துக் கொடுத்தேன். கிட்டார் கிளம்பியதும் கண்மாய்க் கரையில் துண்டு சுழன்றது பாருங்கள், அந்த மனுஷன் காவடி எடுத்த மாதிரி ஆடியே விட்டார்.

அவர் திரும்பி வந்ததும் கைமாற்றிக்கொண்டோம். நான் கொண்டுபோயிருந்த புது ஊசியை மாட்டி, பின்பக்கத்தைப் போடச் சொன்னேன். ஒரு கீறல் இல்லை. மெதுவாகத் தொடங்கியது, யாரோ தயங்கித் தயங்கிப் பேசுவது போல. சட்டென்று நாலு பேரும் சேர்ந்து பாய்ந்தார்கள். நடுவில் ஒருவன் தாளம் தவறிச் சிரித்துவிடுகிறான், அதையும் அழிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்கும் கிடைக்காத பாட்டு, குழாய் வழியாகக் கண்மாய் தாண்டி வயற்காடு முழுக்கப் போயிற்று. நான் வாய்விட்டு அழுதேன். ஜெயித்த அழுகை அது.

பாட்டு முடிந்ததும் மைக் செட்காரர் ஊசியைத் தூக்கி வைத்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, ஒங்க ரெக்கார்டைத் திருப்பித் தந்துர்றேன். இதை நானே வச்சுக்கிறட்டுங்களா?"

"பேசுனது பேசுனதுதாண்ணே" என்று சொல்லிக்கொண்டே அதை உறையில் போட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் இன்னும் மைக் செட்காரருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். வண்டியை எடுங்க என்று முதுகில் ஒரு குத்து விட்டேன்.