தொட்டி மூடிமேல் உட்கார்ந்தவர்

ஓமன் எண்ணெய்க் கிணறுகளில் ஏழு வருஷம் பைப் ஃபிட்டராக இருந்த கன்னியப்பன், 1999 பிப்ரவரியில் ஒரே ஒரு பெட்டியோடு ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினார். கச்சா எண்ணெய் விலை சரிந்ததில் அவருடைய கேம்ப்பையே கம்பெனி மூடிவிட்டது. தெருமுனையில் ஒருவர், "இன்னா கன்னியப்பா, லீவா?" என்றார்.

"வேல போய்ட்ச்சு!" தெருவுக்கே கேட்டது.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி விஜயகுமாரி பொரிந்தாள். "லீவுன்னு சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"எண்ணெ வெல எறங்குச்சு. அதுக்கு நான் இன்னாத்துக்கு மூஞ்சிய மூடிக்கணும்?"

எட்டு மாதம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் குழாய் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. "இதையாவது வாயடிச்சித் தொலைச்சிடாதீங்க" என்று சொல்லித்தான் விஜயகுமாரி டிபன் கேரியரைக் கையில் கொடுத்தாள். அங்கே எல்லோருக்கும் அவர் பெயர் 'ஓமன்'.

சேர்ந்த பத்தொன்பதாம் நாள் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. சூப்பர்வைசர் ஜார்ஜ் மூடியைத் திறக்கச் சொன்னார். அழுகின முட்டை நாற்றம் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளியது. விளிம்பில் குனிந்து பார்த்த தொழிலாளி ஆபித் பாஷா மட்டும் சற்று நேரத்தில், "நாத்தம் போய்ட்ச்சு சார்" என்று லுங்கியை மடித்துக் கட்டினான். அங்கே மூக்கை நம்பித்தான் இறங்குவார்கள். நாற்றம் அடங்கினால் ஆபத்தும் அடங்கியது என்று நினைப்பு.

கன்னியப்பன் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "நாத்தம் போகல பாய், உன் மூக்குதான் போச்சு. கேஸ் ஜாஸ்தியானா மொதல்ல மூக்க அடிக்கும், அப்புறம் ஆள. ஓமன்ல மார்ல மாட்ற மிஷின்தான் கேஸ் இருக்கான்னு சொல்லும்."

"இங்க அந்த மிஷின் இருக்கா? இல்லல்ல, கதைய வுடு" என்றார் ஜார்ஜ். "பாஷா, எறங்கு."

கன்னியப்பன் இடுப்பிலிருந்து வெள்ளி அரைஞாணை அவிழ்த்தார்.

"ஓமன், எல்லாத்தையும் அவுத்துடாதப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

கறுத்துப்போகும் என்று அங்கே யாரும் வெள்ளி போட்டு வருவதில்லை. புதியவரான கன்னியப்பனுக்குக் கழற்றத் தோன்றவில்லை; துணிக்கடியில் இருந்ததால் அது இன்னும் வெளுப்பாகவே இருந்தது. அதைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார். கால் மணி நேரம் கழித்து மேலே வந்தபோது அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது.

"ஒங்க வெள்ளியெல்லாம் எதால கறுக்குதுன்னு நெனச்சீங்க? இந்த கேஸ்தான். உள்ள எவ்ளோ இருக்குன்னு பாத்துக்குங்க."

ஆபித் பாஷா லுங்கியை இறக்கிவிட்டான். ஜார்ஜின் முகம் வெளுத்தது. குரல் மட்டும் இறங்கவில்லை. "மதியத்துக்குள்ள அடைப்ப எடுக்கலன்னா என் வேலையே போய்டும். நீ கௌம்பு. நாளைலேர்ந்து வராத."

கன்னியப்பன் மூடியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஓமன்ல ஒரே நாள்ல முந்நூறு பேர அனுப்பனாங்க சார். அதுல ஒருத்தன் நான். இதுக்கா பயப்படுவேன்? வேலைய எடுத்துக்குங்க. மோட்டார் வந்து எறைக்கட்டும், அப்புறம் எழுந்துக்கறேன்."

"நவுருப்பா ஓமன்" என்று ஆபித் பாஷாவும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வேறு வழியில்லாமல் ஜார்ஜ் போன் போட, நாலு மணிக்கு ராணிப்பேட்டையிலிருந்து லாரியில் மோட்டார் வந்தது. அதன் பிறகே கன்னியப்பன் எழுந்தார். கேரியரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

நடந்ததை ஆபித் பாஷாவின் மனைவி ரஃபத் ஜஹான் அன்றைக்கே வந்து சொல்லி, விஜயகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

மறுநாள் காலை கன்னியப்பன் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் அதே கறுத்த அரைஞாண்.

"இன்னா கன்னியப்பா, இன்னிக்கி லீவா?" என்றது தெருமுனை.

வாயில் நுரையோடு அவர் திரும்புவதற்குள், குழாயடியிலிருந்து விஜயகுமாரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"வேல போய்ட்ச்சு!"