மச்சான் வந்தால் சாகும் கணினி

என் மனைவிக்கு ஜவ்வாது மலையில் பள்ளிக்கூட வேலை. எனக்கு வீட்டிலிருந்தே செய்யும் கணினி வேலை. மலைமேல் இன்டர்நெட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் என்பதால், பழைய ஆபீஸ் கணினி ஒன்றை வாங்கி வீட்டுக்கென்று ஒரு சர்வர் ஆக்கி வைத்தேன். என் வேலைக் கோப்புகள், எங்கள் கல்யாண வீடியோ, இறக்கி வைத்த படங்கள், சீரியல்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. வைஃபை வழியாகப் பக்கத்து வீட்டு அம்மாவின் செல்போனுக்கும் சீரியல் போய்க்கொண்டிருந்தது. அந்தப் புண்ணியத்துக்கு அவ்வப்போது பலாப்பழம் வரும்.

அந்தக் கணினி திடீர் திடீரென்று செத்துப்போக ஆரம்பித்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கொட்டும், கடைசி வரியில் கெர்னல் பேனிக் என்று வரும். கெர்னல் என்பது கணினியின் உயிர்நாடி. அது பீதி அடைந்தால் மற்றதெல்லாம் அப்படியே நின்றுவிடும். பீதி அடைகிற அளவுக்கு எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் எதையும் காரணம் தெரியாமல் விடுகிறவன் இல்லை. மெமரியை ஒரு பகல் முழுக்கச் சோதித்தேன், நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததையும் நம்பாமல் வேலூருக்குப் போய்ப் புதிது வாங்கி வந்து மாற்றினேன். தூசு துடைத்தேன். கெர்னலைப் புதிய பதிப்புக்கு ஏற்றினேன், பிறகு பழைய பதிப்புக்கே இறக்கினேன். என்ன நடந்தது என்று கணினி குறித்து வைக்கும் பதிவுகளைத் துருவினேன். பாவி, சாகும் முன் ஒரு வரிகூட எழுதவில்லை. மின்சாரத்தை மட்டும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் யுபிஎஸ் இருந்தது. கணினி இருந்த அறையில் சரியான பிளக் பாயின்ட் இல்லாததால் யுபிஎஸ்ஸைச் சமையலறையில் வைத்து, சுவரில் துளை போட்டு ஒயரை இழுத்திருந்தேன். கரன்ட் போனாலும் கணினி கண் சிமிட்டாமல் ஓடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு அம்மாதான். வேலியோரம் நின்று சாதாரணமாகச் சொன்னார்.

“சாரு, தப்பா நெனச்சிக்காதீங்க. ஒங்க மச்சான் வர்ற அன்னிக்குத்தான் சீரியலு நின்னு போவுது.”

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கலசப்பாக்கத்துக்காரன். லோடு ஆட்டோ வைத்து மலையிலிருந்து சாமையும் புளியும் ஏற்றிப் போவான். அக்காவுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் மலைக்கு வருவான், மதியச் சாப்பாடு அவள் வீட்டில்தான். நல்ல பையன், ஆனால் ராசி இல்லாதவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவன் தொட்டால் மோட்டார் எரியும், அவன் ஏறினால் பஸ் பஞ்சராகும் என்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் எல்லோரையும் திட்டியிருக்கிறேன்.

அந்த அம்மாவையும் திட்டலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மையாக இருந்தது. செத்த நாளெல்லாம் அவன் வந்த நாள். சரி, அறிவியல் முறைப்படி இது பொய் என்று நிரூபிப்போம் என்று மச்சானை ஒரு மாதம் வரவேண்டாம் என்றேன். கணினி ஒரு மாதமும் கல்லுக்குண்டு மாதிரி ஓடியது. பிறகு வரச்சொன்னேன். அவன் வந்து, நாங்கள் இரண்டு பேரும் வாசலில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வெள்ளை எழுத்துகள் கொட்டிவிட்டன. மூடநம்பிக்கையை முறைப்படி சோதித்து நிரூபித்த முதல் பகுத்தறிவாளன் நானாகத்தான் இருப்பேன்.

இதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மச்சான் வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டான். வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு போன் பண்ணுவான்.

“மாமா, மிஷினு ஓடுதா? ஓடட்டும், வுடுங்க. நா இங்கியே நின்னுட்டுப் போறேன். அக்காவ மட்டும் வரச் சொல்லுங்க.”

என் மனைவி காலையில் செய்ததையே தட்டில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்த் தம்பிக்குச் சோறு போட்டாள். திரும்பி வந்து என்னிடம் பேசவில்லை. எனக்கு அந்தக் கணினியைத் தூக்கி ஏரியில் போட்டுவிடலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவனுக்குப் போளூரில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா புளி வியாபாரி. மச்சான் அவர் மண்டிக்கு மூட்டை இறக்கப் போனபோது அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறான், அவளும் பார்த்திருக்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கணினிக் கதை பஸ் ஏறிப் போளூர் போய்ச் சேர்ந்துவிட்டது. பெண்ணின் அப்பா நியாயமான மனிதர், கேட்டதை வைத்து முடிவு செய்கிறவர் இல்லை. நேரில் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறி வந்துவிட்டார்.

கணினிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எனக்கு இருந்த சிரமம் சொல்லி முடியாது. ஒரு பையனின் கல்யாணம் ஒரு பழைய ஆபீஸ் கணினியின் மனநிலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“வரச் சொல்லுங்க பையன,” என்றார்.

மச்சான் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தான். முகம் வெளுத்திருந்தது. மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. காப்பி வந்தது, குடித்தோம். ஒன்றும் ஆகவில்லை. வழக்கமான மத்தியான நேரத்துக்குக் கரன்ட் போனது. அப்போதும் கணினி ஓடியது. யுபிஎஸ்ஸைப் பற்றி அவருக்கு நான் பெருமையாக விளக்கத் தொடங்கினேன். சமையலறையில் மிக்சி குர்ரென்று ஓடியது. வெள்ளை எழுத்துகள் கொட்டின.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் பெருமூச்சு விட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரன்ட் இல்லை. கரன்ட் இல்லாத வீட்டில் மிக்சி எப்படி ஓடுகிறது?

சமையலறைக்கு ஓடினேன். மிக்சியின் ஒயர் யுபிஎஸ்ஸின் பின்னால் செருகியிருந்தது.

“இன்னாங்க அப்பிடிப் பாக்குறீங்க?” என்றாள் மனைவி. “தம்பி சாப்புட வர்ற மத்தியான நேரத்துல கரன்ட் இருக்கறதே இல்ல. தொவையல் இல்லாம அவனுக்குச் சோறு எறங்காது. காலையில அரைச்சா வாசன போய்டும். அதான் எப்பவும் இதுல சொருகிக்கிறது.”

எங்களுக்கு என்றால் காலையில் அரைத்ததே போதும். தம்பிக்கு மட்டும் சுடச்சுட. மிக்சியை இழுக்கிற சக்தி அந்தச் சின்ன யுபிஎஸ்ஸுக்கு இல்லை, மின்சாரம் தள்ளாடும், கணினி செத்துப்போகும். இத்தனை நாளும் என் கணினியைக் கொன்றது அக்காவின் பாசம்.

பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் லேசில் நம்பவில்லை. மச்சானை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, கணினியை மறுபடி கிளப்பி, மிக்சியை ஓட்டச் சொன்னேன்.

“சும்மா ஓட்டுனா பிளேடு பூடும்,” என்று மனைவி இன்னொரு மூடி தேங்காயைத் துருவிப் போட்டாள். ஓட்டினாள். கணினி செத்தது.

“நா உள்ள இருக்கறனே,” என்றார் பெரியவர். “என்னாலயா இருந்தா?” அவரும் ரோட்டுக்குப் போய் மச்சான் பக்கத்தில் நின்றுகொண்டார். மூன்றாவது மூடி தேங்காய் அரைபட்டது. கணினி மூன்றாவது முறையும் செத்தது. பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வந்து சீரியல் என்ன ஆச்சு என்று கேட்டார். அவருக்கு ஒரு கிண்ணம் துவையல் கொடுத்தனுப்பினோம்.

பெரியவர் மச்சானையும் அழைத்துக்கொண்டு திருப்தியோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“அப்ப பையன் மேல தப்பு இல்ல. ராசி இல்லாதது இந்த மிக்சிதான்.” கொஞ்சம் யோசித்தார். “ஆமா, இந்த மிக்சிய யாரு வாங்கினது?”

என் மனைவி தம்பியைப் பார்த்தாள். லோடு ஆட்டோ ஓட்ட ஆரம்பித்த புதிதில், முதல் வருமானத்தில் அக்காவுக்கென்று அவன் தூக்கி வந்த மிக்சி அது. மச்சான் வாயைத் திறந்தான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

“நான்தாங்க வாங்கினேன்,” என்றேன்.

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். “அதான பாத்தேன்,” என்று சொல்லி, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். மூன்று மூடித் துவையலோடு சாப்பாடு நடந்தது. நாள் குறித்துவிட்டுத்தான் மலை இறங்கினார்.

கல்யாணம் போளூரில் ஒரு மண்டபத்தில். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில்தான் மைக் செட். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் மைக் செட்காரர் வந்து என் காதருகே குனிந்தார்.

“சார், கோச்சிக்காதீங்க. கொஞ்சம் அந்தாண்ட போய் ஒக்காந்துக்கிறீங்களா? பொண்ணோட அப்பா சொன்னாரு.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கெர்னல் என்றால் என்ன, மின்னழுத்தம் என்றால் என்ன என்று அந்த மைக்கிலேயே விளக்கிவிடலாமா என்று பார்த்தேன். மணமேடையில் இருந்த மச்சான் அதைக் கவனித்துவிட்டான். என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏதோ சொல்லப் பாதி எழுந்தான். நான் அவனைக் கையால் உட்காரச் சொல்லிவிட்டு, எழுந்து சாப்பாட்டுக் கூடத்து வாசலில் போய் நின்றுகொண்டேன்.